பொறுத்தலும் மீண்டும் கூடுதலும்

ஜினேந்திர பகவான் அருளிய பத்து அறங்களுள் முதலாவதாக வைத்து எண்ணப்படுவது உத்தம க்ஷமை. பாத்ரபத மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில் தொடங்கும் தசலட்சணப் பருவத்தின் முதல் நாளை நம் முன்னோர் இவ்வறத்திற்கே உரியதாக்கினர். பருவம் நிறைவுற்றபின் வரும் க்ஷமாவணி நாளில், பிறர் பிழையைப் பொறுத்தோம் என்று வாயாரச் சொல்கிறோம். நம் பிழையைப் பொறுத்தருளுமாறு பிறரை வேண்டுகிறோம். ஆலயத்தில் முன்பின் அறியாதவரையும் கைகூப்பி வணங்குகிறோம். அச்சிட்ட அட்டைகளை உற்றார் உறவினர்க்கு அனுப்புகிறோம். ஆயினும், ஆண்டுக்கணக்கில் நம்முடன் பேசாதிருக்கும் அந்த ஒருவருக்கு மட்டும் அட்டை செல்வதில்லை. யாரை நோக்கிச் சொல்லவேண்டுமோ அவரை விடுத்து, யாரிடம் சொல்லத் தேவையில்லையோ அவரிடமெல்லாம் சொல்லி முடித்துவிடுகிறோம்.

இதற்கு நாம் வழக்கமாகக் கூறும் விடை ஒன்றுண்டு. "சொல்லி என்ன பயன்? இனி நாங்கள் பழையபடி சேரப்போவதில்லை" என்பதே அது. இவ்விடைக்குள் ஒரு கேள்வி மறைந்து கிடக்கிறது. தோளோடு தோள் நின்று ஒரு பணியைச் செய்தவர்கள் மனம் முறிந்து பிரிந்தால், அவர்கள் மீண்டும் ஒன்று கூடுவதுதான் பொறுத்தலுக்கு அடையாளமா? கூடியவரெல்லாம் பொறுத்தவர்தாமா? கூடாதவரெல்லாம் பொறுக்காதவரா? இக்கேள்வியைச் சற்றே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை ஆராய இசைக்குழுக்களின் வரலாறு பெரிதும் துணைசெய்யும். வணிகத்தில் கூட்டாளிகள் பிரிந்தால் கணக்கு முடிந்ததும் உலகம் அவர்களை மறந்துவிடும். இசையில் கூட்டாளிகள் பிரிந்தாலோ, அவர்கள் சேர்ந்து படைத்த பாடல் நாள்தோறும் ஒலித்துக்கொண்டே இருக்கும். கேட்பவரெல்லாம், இவர்கள் மீண்டும் சேரமாட்டார்களா என்று ஏங்குவர். ஆதலின், பிரிவும் கூடுதலும் அங்கே ஊரறிய நிகழ்கின்றன.

இருவர் ஒருவராய் இருந்த காலம்

திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த வயலின் கலைஞர் டி.கே. ராமமூர்த்தி 1922 இல் பிறந்தவர். பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928 இல் பிறந்தவர் எம்.எஸ். விசுவநாதன். இருவரும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் பணியாற்றியவர்கள். 1952 இல் சுப்பராமன் இளம் வயதிலேயே மறைந்தபோது, அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற பணியை இருவரும் முடித்துக்கொடுத்தனர். அவ்வாண்டிலேயே கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் 'பணம்' திரைப்படத்திற்கு இணைந்து இசையமைத்தனர். வயதில் இளையவரான விசுவநாதனின் பெயர் முன்னும் மூத்தவரான ராமமூர்த்தியின் பெயர் பின்னுமாக 'விசுவநாதன் – ராமமூர்த்தி' என்னும் இணைப்பெயர் தமிழ்நாடெங்கும் நிலைபெற்றது. பாவமன்னிப்பு, பாசமலர், நெஞ்சில் ஓர் ஆலயம், கர்ணன், காதலிக்க நேரமில்லை என்று அவர்கள் இசையமைத்த படங்களின் பெயரைச் சொன்னாலே போதும், விளக்கம் வேண்டுவதில்லை. 1963 இல் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் அவர்களுக்கு 'மெல்லிசை மன்னர்கள்' என்னும் பட்டத்தை வழங்கினார். மன்னர் என்று ஒருமையில் அன்று, மன்னர்கள் என்று பன்மையில் அமைந்த பட்டம் அது.

1965 இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இவ்விணை பிரிந்தது. விசுவநாதன் தனித்து நின்று நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்தி 'சாது மிரண்டால்', 'தேன் மழை' முதலிய சில படங்களுக்கு இசையமைத்தார். ஒருவர் பெற்ற வாய்ப்பையும் மற்றவர் பெற்ற வாய்ப்பையும் உலகம் எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து 1995 இல் 'எங்கிருந்தோ வந்தான்' என்னும் படத்திற்கு இருவரும் மீண்டும் சேர்ந்து இசையமைத்தனர்.

அவர்கள் சேர்ந்தார்கள், ஆனால் 1965 திரும்பி வரவில்லை. இடைப்பட்ட காலத்தில் திரையிசை இளையராஜாவைக் கண்டு, 1992 இல் ஏ.ஆர். ரகுமானின் வரவையும் கண்டுவிட்டது. பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒரே மூச்சில் பாடலைப் பதிவு செய்த முறையே மாறிப்போயிற்று. அவ்வொரு படத்திற்குப்பின் அந்த இணை தொடர்ந்து பணியாற்றவும் இல்லை. எனினும், 2012 ஆகஸ்டு மாதத்தில் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா ஒரே மேடையில் இருவருக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்னும் பட்டத்தை வழங்கியபோது, தொண்ணூறு வயதான மூத்தவரும் எண்பத்து நான்கு வயதான இளையவரும் அருகருகே இருந்தனர். எட்டு மாதம் கழித்து, 2013 ஏப்ரலில் ராமமூர்த்தி மறைந்தார். 2015 ஜூலையில் விசுவநாதனும் மறைந்தார்.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகளைக் கண்டுகொள்ளவேண்டும். மீண்டும் கூடுதல் என்பது இருவர் மனம் இசைந்தாலும் காலம் இசைந்தால் அன்றிப் பழைய பயனைத் தருவதில்லை. அப்பயன் கிட்டாதபோதும், ஒருவரருகே ஒருவர் அமரும் அமைதி கிட்டக்கூடும். முன்னது நம் கையில் இல்லை. பின்னது நம் கையில் உள்ளது.

குழுவை உடைக்கும் நால்வர்

கூடி வாழ்வோர் ஏன் பிரிகின்றனர் என்பதற்கு ஊரார் ஆயிரம் காரணம் கூறுவர். ஜினாகமம் நான்கே காரணம் கூறுகிறது. சினம், செருக்கு, வஞ்சம், பேராசை ஆகிய நான்கு கஷாயங்களே அவை. எந்த இசைக்குழுவின் முறிவை எடுத்துப் பார்த்தாலும் இந்நால்வருள் ஒருவரேனும் அங்கு அமர்ந்திருக்கக் காணலாம். விளம்பரத் தட்டியில் எவர் பெயர் முதலில் என்பது செருக்கின் வேலை. மற்றவர் அறியாமல் தனியே ஒப்பந்தம் பேசுவது வஞ்சத்தின் வேலை. வருவாயில் எவருக்கு எவ்வளவு என்பது பேராசையின் வேலை. ஒத்திகையில் வெடிக்கும் சொல் சினத்தின் வேலை.

நமது பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் ஆடி மாதத் திருவிழாக்களில் பாடும் மெல்லிசைக் குழுக்களை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பள்ளித் தோழர்களாய்ச் சேர்ந்து, வாடகைக்கு ஒலிபெருக்கி எடுத்துத் தொடங்கிய குழு, சில ஆண்டுகளில் இரண்டாகி, ஒரே தெருவில் இரு பெயர்ப்பலகைகளாய்த் தொங்குவதைக் காண்கிறோம்.

பம்மல் என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன்னே தாங்கிப் புகழ்பெற்ற சம்பந்த முதலியார், 1891 இல் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, அதனை ஊதியம் கருதாதோர் நடத்தும் பயில்முறை நாடகச் சபையாகவே அமைத்தார். வழக்கறிஞரும் அலுவலரும் மாணவரும் கலைமேல் கொண்ட விருப்பத்தால் அங்கு வேடம் புனைந்தனர். பொருளாசைக்கு இடம் குறையுமாறு ஒரு குழுவின் அமைப்பையே வகுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் எந்த அமைப்பாலும் நால்வரையும் ஒருங்கே வெளியே நிறுத்த இயலாது. பொருளாசைக்கு அடைத்த கதவின் வழியே செருக்கு நுழையும்.

கூடியும் பொறுக்காத மூவர்

பொறுத்தலின்றியே கூடுவதும் உண்டு என்பதற்கு மேலைநாட்டிலிருந்து ஒரு சான்று காட்டலாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரத்தில் பிறந்த இசை 'புளூஸ்' எனப்படும். அதனை ராக் இசையோடு கலந்து 1966 இல் இலண்டன் நகரில் மூவர் ஒரு குழு தொடங்கினர். கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன், பேஸ் கிதார் வாசித்துப் பாடிய ஜாக் புரூஸ், முரசுக் கலைஞர் ஜிஞ்சர் பேக்கர் ஆகியோரே அம்மூவர். குழுவின் பெயர் 'கிரீம்'. பேக்கருக்கும் புரூஸுக்கும் அதற்கு முன்பே பகை இருந்தது. முன்னர் இருவரும் வேறொரு குழுவில் இருந்தபோது பேக்கரே புரூஸை வெளியேற்றியவர். இருந்தும் வாசிப்பின் சிறப்பைக் கருதி மீண்டும் சேர்ந்தனர். புரூஸின் ஒலிபெருக்கி தம் காதைச் செவிடாக்குகிறது என்பது பேக்கரின் குறை. பாடல்களின் ஆசிரியர் உரிமையும் அதன்வழி வரும் பொருளும் தமக்கு உரியவாறு வரவில்லை என்பது அவருடைய மற்றொரு குறை. இரண்டே ஆண்டுகளில், 1968 நவம்பரில், இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் இறுதி நிகழ்ச்சியை நடத்திப் பிரிந்தனர்.

முப்பத்தாறு ஆண்டுகட்கு மேல் கழிந்தபின், 2005 மே மாதத்தில், அதே மண்டபத்தில் நான்கு இரவுகள் மூவரும் மீண்டும் வாசித்தனர். உலகெங்கணுமிருந்து அன்பர்கள் திரண்டனர். இலண்டனில் நிறைவாய் முடிந்த அக்கூட்டம், அக்டோபர் மாதத்தில் நியூயார்க் நகரில் தொடர்ந்தபோது, பழைய ஒலிபெருக்கிச் சண்டை மேடையிலேயே மீண்டும் தலைதூக்கியது. அதன்பின் அம்மூவரும் குழுவாய்க் கூடவில்லை. 2014 இல் புரூஸும் 2019 இல் பேக்கரும் மறைந்தனர்.

முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தும் சினத்திற்குக் காரணமான பொருள்கூட மாறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். உடல் முதிர்ந்தது; புகழ் வளர்ந்தது; பொருளும் சேர்ந்தது. உள்ளே இட்ட கோடு மட்டும் இட்டபடியே இருந்தது. கூடுதல் என்பது மேடை, கட்டணம், ஒப்பந்தம் ஆகியவற்றால் நிகழக்கூடியது. பொறுத்தல் அவ்வாறு நிகழாது.

கல்லில் இட்ட கோடு

சினத்தின் நான்கு நிலைகளை நம் ஆசாரியர்கள் உவமை காட்டி விளக்கினர். நீரில் இட்ட கோடு, புழுதியில் இட்ட கோடு, நிலத்தில் விழுந்த பிளவு, கல்லில் இட்ட கோடு என்பன அவை. ஆசாரியர் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி தம் கோம்மடசாரத்தில் இந்நால்வகைக் கஷாயங்களின் வாசனை எத்துணைக் காலம் நிற்கும் என்பதையும் வரையறுத்துள்ளார். சஞ்சுவலனம் ஒரு முகூர்த்தப் பொழுதிற்குள் அடங்கும். பிரத்தியாக்கியானம் பதினைந்து நாள் நிற்கும். அப்பிரத்தியாக்கியானம் ஆறு திங்கள் நிற்கும். அதனையும் கடந்து பிறவிதோறும் தொடர்வது அனந்தானுபந்தி. முதலாவது முழுத்தூய ஒழுக்கத்தை மட்டும் தடுக்கும். இரண்டாவது துறவறத்தையும், மூன்றாவது இல்லறத்தார் நோன்பையும் தடுக்கும். நான்காவதோ நற்காட்சியையே தடுத்துவிடும்.

இக்கணக்கை நம் வாழ்வில் வைத்துப் பார்த்தால் அச்சம் தோன்றுகிறது. இந்தக் காலாண்டிதழ் இருமுறை நம் இல்லத்திற்கு வருவதற்குள் அடங்காத சினம் எதுவோ, அது நம் நற்காட்சியின் வேரை அறுத்துக்கொண்டிருக்கிறது. நண்பனோடு இருபது ஆண்டு பேசவில்லை என்பதை உறுதியின் அடையாளமாகச் சிலர் பெருமையுடன் கூறக் கேட்கிறோம். ஆகமத்தின் நோக்கில் அது உறுதியன்று. நோய் முற்றியதன் அறிகுறி.

கல்லின் கோடு எத்தகையது என்பதை நம் பகுதியில் வாழ்வோர்க்கு எளிதில் உணர்த்தலாம். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் கருநீலப் பாறைவகை, முந்நூறு ஆண்டுகட்கு முன் கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக்குப் பயன்பட்டது. அவர் பெயராலேயே நிலவியலாளர் அதனைச் 'சார்னோக்கைட்' என்று வழங்குகின்றனர். அக்கல்லில் வெட்டிய எழுத்துகள் இன்றும் படிக்கும்படி உள்ளன. வெட்டியவன் பெயரும் தெரியாது. உளியும் மண்ணோடு மண்ணாயிற்று. கோடு மட்டும் நிற்கிறது. நண்பர் சொன்ன ஒரு சுடுசொல்லை, சொன்னவரே மறந்தபின்னும், நாம் இவ்வாறுதான் காத்து வைத்திருக்கிறோம்.

ஸ்ரீ பார்சுவநாத தீர்த்தங்கரரின் முற்பிறவி வரலாறு இதனையே உணர்த்துகிறது. கமடனும் மருபூதியும் உடன்பிறந்தோர். தீச்செயலால் நாடு கடத்தப்பட்ட தமையன் கமடன், பாறை ஒன்றைக் கையில் ஏந்திப் போலித் தவம் செய்துகொண்டிருந்தான். பிழை தமையனுடையதாயினும், தம்பி மருபூதி அவனைத் தேடிச் சென்று அடிபணிந்து பொறுத்தருள வேண்டினான். கமடன் ஏந்திய பாறையைத் தம்பியின் தலைமேல் இட்டுக் கொன்றான். அன்று தொடங்கிய பகை பிறவிதோறும் தொடர்ந்து, இறுதியில் பார்சுவநாதர் தவத்தில் நின்றபோது சம்பரன் என்னும் தேவனாய் வந்து கல்மழை பொழிந்த வரையில் நீண்டது. பகைத்தவன் இழிபிறவிகளில் உழன்றான். பொறுத்தவன் தீர்த்தங்கரனாய் உயர்ந்தான். பகவான் கேவலஞானம் எய்தியபின் சம்பரனும் அமைதியுற்று நற்காட்சி பெற்றான் என்று புராணம் கூறுகிறது. அவ்விருவரும் மனம் ஒன்றக் கூடுவதற்குப் பத்துப் பிறவிகள் ஆயின. மருபூதியின் உயிர் அக்கூடுதலுக்காகத் தன் பொறுமையை ஒத்திவைத்திருந்தால், அதன் உயர்வும் பத்துப் பிறவிகள் தள்ளிப்போயிருக்கும்.

எழும் ஐயங்கள்

இங்கு மூன்று ஐயங்கள் எழுதல் இயல்பு. "பிழை என்மீது இல்லையே, நான் ஏன் முதலில் செல்லவேண்டும்?" என்பது முதல் ஐயம். அநேகாந்தம் கற்ற நாம் இதனைக் கேட்பது பொருந்தாது. ஓர் இசைக்குழு உடைந்தால், பாடியவன் தன் குரலால் குழு வாழ்ந்தது என்பான். மெட்டமைத்தவன் தன் கற்பனையால் வாழ்ந்தது என்பான். தாளமிட்டவன், தான் இன்றேல் இருவரும் தடுமாறியிருப்பர் என்பான். மூவர் கூற்றும் ஒரு நயத்தால் உண்மை. தன் நயமே முழு உண்மை என்று கொள்ளும்போதுதான் அது பொய்யாகிறது. குழுவாய் இருந்தபோது மூன்று நயங்களும் ஒரே பாடலாய் இசைந்தன; பிரிந்தபின் மூன்று வழக்குகளாயின. மேலும், முதலில் சென்ற மருபூதி பிழை செய்தவன் அல்லன் என்பதை மறத்தலாகாது.

"எனக்கு உரிய பொருளையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?" என்பது இரண்டாம் ஐயம். வேண்டுவதில்லை. உரிமையை அறநெறியில் கேட்பதும் பகையை நெஞ்சில் வளர்ப்பதும் வெவ்வேறு. 1960களின் இறுதியில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில், பின்னாளில் இசைஞானி எனப் புகழ்பெற்ற இளையராஜாவும் அவர் உடன்பிறந்தோரும் வாசித்தனர் என்பதைப் பலரும் அறிவர். அத்துணைப் பழைய நண்பர்களுக்கிடையே 2017 இல் பாடல் உரிமை குறித்து வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது. அறிவிப்பை அனுப்பியவர்க்கு அவர் கருதிய உரிமை இருந்தது. அதனைப் பெற்ற பாலசுப்பிரமணியம், தம் பயணத்தில் அப்பாடல்களைப் பாடாமல் விடுவதாக அறிவித்தார். அத்துடன், இது பற்றி இசையமைப்பாளரைக் கடிந்து எவரும் பேசவேண்டாம் என்று தம் அன்பர்களைக் கேட்டுக்கொண்டார். வழக்கு இருந்தது, வசை இல்லை. 2019 ஜூன் மாதத்தில் சென்னையில் நடைபெற்ற இசைநிகழ்ச்சியில் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றனர். மறு ஆண்டு ஆகஸ்டில் பாலசுப்பிரமணியம் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தபோது, விரைவில் எழுந்து வருமாறு இளையராஜா உருகி அழைத்ததை நாடே கேட்டது. 2020 செப்டம்பர் 25 அன்று பாலசுப்பிரமணியம் மறைந்தார். கூடுதலுக்கும் மறைவுக்கும் இடையே இருந்த காலம் பதினைந்து திங்களே. அக்கூடுதல் இன்னும் இரண்டாண்டு தள்ளிப்போடப்பட்டிருந்தால்?

"நான் சென்றும் அவர் ஏற்காவிடில் என் செய்வது?" என்பது மூன்றாம் ஐயம். இதுவே கடினமானது. ஆசாரியர் உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இதற்கு வழி வகுத்துள்ளார். எல்லா உயிர்களிடத்தும் நட்பு, குணத்தால் உயர்ந்தோரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்து இரக்கம், நம் சொல்லை ஏலாதாரிடத்து நடுவுநிலை என நான்கு பாவனைகளை அவர் கூறுகிறார். பிரிந்த நண்பர் புகழ்பெற்றால் அவருடைய திறமையைக் கண்டு மகிழ்தல் வேண்டும். தாழ்வுற்றால் இரங்குதல் வேண்டும். நம்மை ஏற்க மறுத்தால் வெறுப்பும் வற்புறுத்தலும் இன்றி நடுவுநிலையில் நிற்றல் வேண்டும். நான்கில் எதுவும் அவருடைய இசைவை வேண்டி நிற்பதன்று. நான்கும் நம்மால் இன்றே செய்யக்கூடியன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. "நெஞ்சுக்குள் பொறுத்துவிட்டேன், அவரிடம் சொல்லவேண்டியதில்லை" என்று ஒதுங்குவதும் எளிதாகிவிடும். அது பல வேளைகளில் பொறுமையின் வேடம் புனைந்த செருக்கேயாகும். ஒருமுறையேனும் சென்று சொல்லுதல் நம் கடமை. சொன்னபின் அவர் வாயில் திறப்பதும் திறவாததும் அவர்தம் வினைப்பயன்.

சமண முனிவர்கள் அருளிய நாலடியார் 'நட்பிற் பிழை பொறுத்தல்' என்னும் பெயரில் ஓர் அதிகாரத்தையே வைத்துள்ளது. நட்பை ஆராய்ந்து கொள்ளுமாறு கூறும் அதிகாரத்தை அடுத்து அது வருகிறது. ஆராய்ந்து கொண்ட நட்பிலும் பிழை வரும் என்பதும், அப்பிழையைப் பொறுத்தலும் நட்பின் ஒரு பகுதியே என்பதும் அவ்வைப்பு முறையாலேயே விளங்கும். இல்லம் துறந்த முனிவர்கள் இல்லறத்தாரின் நட்பைக் குறித்து இத்துணை அக்கறை கொண்டது எண்ணி மகிழத்தக்கது.

முடிவுரை

பொறுத்தல் ஒருவர் செய்வது. கூடுதல் இருவர் செய்வது. பொறுத்தலுக்குக் காலம் இன்றே. கூடுதலுக்குக் காலம் வரலாம், வராமலும் போகலாம். மெல்லிசை மன்னர்கள் கூட முப்பது ஆண்டுகள் ஆயின. கூடியும் அவர்களுடைய பழைய குழு உயிர்பெறவில்லை. ஆனால் முதுமையில் ஒரே மேடையில் அருகருகே அமர முடிந்ததே, அது சிறிய பேறன்று. மீண்டும் சேர்ந்து பாடுவோம் என்னும் உறுதி கிடைத்தால்தான் கைகூப்புவேன் என்று காத்திருப்பவர், கைகூப்பும் நாளையும் சேர்த்தே இழந்துவிடுவார்.

ஆகவே, அறநெறி அன்பர்களே, அடுத்த க்ஷமாவணி நாளில் நாம் எழுதும் முதல் அட்டை, கடந்த ஆண்டுகளில் எவருக்கு எழுதாமல் விட்டோமோ அவருக்கு உரியதாகுக. அதில் மீண்டும் கூடுவது பற்றி ஒரு சொல்லும் வேண்டா. பழைய கணக்கும் வேண்டா. நம் பிழையைப் பொறுத்தருள வேண்டுவதும், அவர் பிழை இனி நம் நெஞ்சில் இல்லை என்பதும் மட்டும் இருந்தால் போதும். விடை வந்தால் நன்று. வராவிடினும், நம் நெஞ்சில் கல்லாய் நின்ற கோடு நீராய்க் கரைந்திருக்கும்.

வாழ்க அறம்! வளர்க பொறை!